கால்காரம்மா கார் வாங்கிய கதை

மருத்துவமனைக்குப் பின்புறம், சலவைக் கூடத்தைத் தாண்டினால், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று வரும். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது சுவர் நெடுக ஆணியில் தொங்கும் கால்கள். இடது கால்கள் ஒரு பக்கம், வலது கால்கள் ஒரு பக்கம். புதிதாக வருகிறவர்கள் ஒரு நொடி வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

"வாங்க, வாங்க. அதெல்லாம் மாதிரிக்கு வச்சது. உங்களுக்குன்னு செஞ்சாதான் அது உங்க கால்" என்று ஒரு குரல் வரும். குரல் வந்த திசையைப் பார்த்தால் வேலைமேசைக்குப் பின்னால் ஒரு தலை மட்டும் தெரியும். அதுதான் கால்காரம்மா.

கால்காரம்மா என்பது நோயாளிகள் வைத்த பெயர். ஐம்பத்தோரு வயது. நாலடி பத்து அங்குல உயரம். கழுத்தில் மாலை மாதிரி எப்போதும் ஓர் அளவு நாடா. அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய், அடுப்பு பற்றவைக்கும்போதுதான் கழற்றுவார்.

இருபத்தாறு வருடங்களாக இதே வேலை. விபத்திலோ சர்க்கரை வியாதியிலோ காலை இழந்தவர்கள் வருவார்கள். மிச்சமிருக்கும் காலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு அச்செடுப்பது, அதற்கு ஏற்பக் கால் நுழையும் உறையைச் செதுக்குவது, பாதத்தைக் கோணம் பார்த்துத் திருகுவது, ஆள் எழுந்து பத்து அடி நடக்கும்வரை தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பது எல்லாம் கால்காரம்மாவின் பொறுப்பு. மயிரிழை பிசகினாலும் தோல் உரிந்து புண்ணாகிவிடும். அதனால் காலைக் கொடுத்த பிறகும் விட மாட்டார். வாரத்தில் மூன்று நாள் வீடு வீடாகப் போய், எங்கே இறுக்குகிறது, எங்கே உரசுகிறது என்று கேட்டுச் சரிசெய்துவிட்டு வருவார். இந்த மூன்று நாளுக்குத்தான் கார்; மற்ற நாளில் கணவர் அதில் வேலைக்குப் போவார்.

அந்தக் கார் பதினேழு வருடம் உழைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பட்டறை வாசலிலேயே கிளட்ச் மிதி கீழே போனது, மேலே வரவில்லை. மெக்கானிக் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி எழுந்தார்.

"அம்மா, உண்மையைச் சொல்லவா, இல்ல உங்க மனசு நோகாம சொல்லவா?"

"உண்மையைச் சொல்லுங்க."

"காலடியில இருக்கிற விரிப்பைத் தூக்கிப் பாருங்க. ரோடு தெரியும்."

தூக்கிப் பார்த்தார். ரோடு தெரிந்தது. ஒரு பாட்டில் மூடிகூடத் தெரிந்தது.

"புதுசு ஒண்ணு வாங்கிடுவோம்" என்று அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது, அது ஒரு வாரத்து வேலை என்றுதான் கால்காரம்மா நினைத்தார். கட்டிக்கொண்ட ஆள் யார் என்பது அந்த ஒரு நிமிடம் மறந்துபோயிருக்க வேண்டும்.

கணவர் நூலகர். ஊரின் பெரிய நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டுப் பட்டியலில் ஏற்றுவது அவர் வேலை. ஆறடி ஓர் அங்குலம். கல்யாணப் போட்டோவில் இரண்டு பேரும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும் என்பதற்காக, மணப்பெண்ணை ஒரு மரப்பெட்டி மேல் நிற்கவைத்து எடுத்திருந்தார்கள். நல்ல மனிதர். குரல் உயர்த்திப் பேசியதில்லை. ஆனால் எதையும் சட்டென்று முடிவு செய்ய மாட்டார். வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கவே ஒரு கோடைக்காலம் முழுக்க யோசித்து, மழை தொடங்கியபின் வாங்கிவந்தவர்.

கால்காரம்மாவுக்கு என்ன வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. பட்டறையில் நோயாளிக்கு அளவெடுக்கும் படிவம் ஒன்று இருக்கும். அதன் பின்பக்கத்தில் ஐந்தே வரி எழுதிக் கணவரிடம் நீட்டினார். சின்ன கார். டிரைவர் சீட்டு ஏறி இறங்க வேண்டும். பின் கண்ணாடிக்கு வைப்பர் வேண்டும். பின் சீட்டு இரண்டு துண்டாக மடங்க வேண்டும். ஒரு பக்கம் கால் பெட்டியை நீட்டி வைத்தால் மறுபக்கம் நோயாளி உட்காரலாம். கடைசியில், 'நிறம்: எதுவானாலும் சரி.'

நூலகர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "சரி" என்றார். மறுநாள் நூலகத்திலிருந்து பெரிய வரைபடத் தாள் ஒரு கட்டு வாங்கிவந்தார்.

ஒரு காரை அதன் பெயரைச் சொல்லி வாங்கிவிட முடியாது என்பது அப்போதுதான் கால்காரம்மாவுக்குத் தெரியவந்தது. ஒவ்வொரு காரும் நாலைந்து வேரியன்ட்டாக வந்தது. எல்லாம் ஒரே வண்டி, ஒரே எஞ்சின். ஒன்றில் கண்ணாடி தானாக இறங்கும், ஒன்றில் கையால் சுற்ற வேண்டும், ஒன்றில் இருட்டினால் கதவோரம் நீல வெளிச்சம் வரும். நூலகர் தாள்களை ஒட்டிக் கட்டம் போட்டார். இடப்பக்கம் கார்கள், மேலே வசதிகள். முதல் வாரம் அது சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்தது. மூன்றாம் வாரம் முழு மேசையும் போனது. இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

"எத்தனை வண்டி இருக்கு இதுல?"

"நாப்பத்தி மூணு வேரியன்ட். ஆனா ஒரு கம்பெனி அடுத்த மாசம் புதுசா ஒண்ணு விடறாங்களாம். அதையும் சேர்த்துட்டா..."

"நான் எழுதிக் குடுத்தது அஞ்சு வரிங்க."

"அது தெரியுது. ஆனா மத்ததையும் பாக்கணும் இல்லியா? டிக்கியோட கொள்ளளவு, டர்னிங் ரேடியஸ்..."

"என்ன ரேடியஸ்?"

"திரும்பறதுக்கு எவ்வளவு இடம் வேணும்னு."

"திரும்பாம இங்கயே உக்காந்திருக்கோமே, அதுக்கு எவ்வளவு இடம் வேணும்னு ஒரு கட்டம் போடுங்க."

நூலகர் சிரித்தார். அவர் சிரித்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

போதாக்குறைக்குத் தம்பி வேறு. கால்காரம்மாவின் தம்பி குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். ஆனால் அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து மேசையை எட்டிப் பார்த்து, "அக்கா, கண்ணை மூடிட்டு டாப் மாடலை எடு" என்பான்.

"எதுக்குடா?"

"நாளைக்கு விக்கும்போது நல்ல விலைக்குப் போகும்."

"நான் இன்னும் வாங்கவே இல்ல. நீ அதுக்குள்ள விக்கச் சொல்றே."

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

மாமா தாளில் எதையோ அழித்து எழுதிக்கொண்டிருந்தார்.

இப்படியே பத்து வாரம் ஓடியது. அந்தப் பத்து வாரமும் கால்காரம்மா பஸ்ஸில் போனார். நீளமான துணிப்பையில் காலைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் கம்பியை எட்டிப் பிடிக்க முடியாமல், யாருடைய சட்டையையோ பிடித்துக்கொண்டு போனார். ஒருநாள் பையின் வாய் அவிழ்ந்து பாதம் மட்டும் வெளியே வந்துவிட்டது. எதிர்ச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஆள் கண் விழித்ததும் மூக்குக்கு நேரே ஐந்து விரல். அவர் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் போட்டார். "ஒண்ணுமில்லிங்க, கால்தான்" என்று கால்காரம்மா சொன்னது யாருக்கும் ஆறுதலாக இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது தையல்காரம்மா விஷயத்தில்தான். ஊருக்கு வெளியே, மலைச்சரிவில் வீடு. தையல் மிஷினை மிதித்து மிதித்தே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். வலது கால் முட்டிக்குக் கீழே போய் எட்டு மாதம் ஆகிறது. வியாழக்கிழமை பத்து மணிக்குப் புதுக் காலோடு வருகிறேன் என்று கால்காரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். அன்று பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. கூப்பிட்ட வாடகை வண்டிக்காரர் பையைப் பார்த்துவிட்டு, "உள்ள என்னங்க?" என்று கேட்டார். சொன்னதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது வண்டி சரிவில் ஏறமாட்டேன் என்றது. வெயிலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, காலோடு பட்டறைக்கே திரும்பிப் போனார்.

தையல்காரம்மா போனில் கோபப்படவில்லை. "பரவாயில்லம்மா. காலைலயே குளிச்சுட்டு, நல்ல சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அதனால என்ன, இன்னொரு நாள் கட்டிக்கிறேன்" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் சொன்ன நாளில் போகாதது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்த கால்காரம்மா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மேசையில் விரித்திருந்த தாள்களை ஒரு முனையிலிருந்து பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டினார். நூலகர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சனிக்கிழமை கார் வாங்குறோம்."

"இன்னும் ஆறு கட்டம் பாக்கி..."

"சனிக்கிழமை."

சனிக்கிழமை மூன்று பேராகப் போனார்கள். தம்பியை யாரும் கூப்பிடவில்லை, வந்துவிட்டான். ஷோரூம் குளிரூட்டப்பட்டு, கண்ணாடி மாதிரித் தரையோடு பளபளத்தது. டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும், சிரிப்பை முகத்திலேயே தைத்துவைத்திருந்தார். நூலகரின் பட்டியலில் முதலிடத்தில் இருந்த குட்டிக் கார் நடுவில் நின்றது.

"இதுல அஞ்சு வேரியன்ட் மேடம். ஸ்டார், ஸ்டார் பிளஸ், நோவா, நோவா பிளஸ், நோவா பிளஸ் ஓ."

"அந்தக் கடைசி ஓ என்ன?"

"ஆப்ஷனல் மேடம்."

"அப்படின்னா வேணும்னா எடுத்துக்கலாம், வேணாம்னா விட்டுடலாம். அதானே?"

"இல்ல மேடம். அது பேரு மட்டும்தான். எல்லாமே சேர்ந்துதான் வரும்."

கால்காரம்மா மூச்சை இழுத்து விட்டார். "சரி. டிரைவர் சீட்டு எதுல ஏறி இறங்கும்?"

"நோவாலேருந்து மேடம்."

"பின்னாடி வைப்பர்?"

"நோவா பிளஸ்லேருந்து."

"பின் சீட்டு ரெண்டா மடங்கறது?"

"அதுவும் நோவா பிளஸ்தான் மேடம்."

"அப்ப நோவா பிளஸ். முடிஞ்சுது. பாருங்க" என்று கணவர் பக்கம் திரும்பினார், "அஞ்சு நிமிஷம்."

ஷோரூமில் நின்றது நோவா பிளஸ்தான். கால்காரம்மா ஏறி உட்கார்ந்தார். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லிவர். அதை மேலே இழுத்து இழுத்து விட்டால் சீட்டு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பதினோராவது இழுப்பில் ஸ்டீயரிங்குக்கு மேலே எஞ்சின் மூடியின் முனை தெரிந்தது. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, இடுப்பிலிருந்து மிதிவரை, கண்ணிலிருந்து கண்ணாடிவரை எல்லாம் அளந்தார். விற்பனையாளர் இதுவரை இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை என்பது அந்தத் தைத்த சிரிப்பிலேயே தெரிந்தது.

"அருமையா இருக்கு. நீங்க உக்காருங்க" என்று இறங்கினார்.

நூலகர் சீட்டைக் கடைசிவரை இறக்கிவிட்டு, காலை உள்ளே வைத்து, உடம்பை மடக்கி, தலையைக் கடைசியாக உள்ளே கொண்டுபோனார். ணங் என்று சத்தம் கேட்டது.

"சார், மெதுவா!"

உள்ளே போனபின்னும் தலை கூரையில் இடித்துக்கொண்டே இருந்தது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, யாரோ சொல்லும் ரகசியத்தைக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கூரை ஏன் இவ்வளவு தாழ்வா இருக்கு?" என்று கேட்டார் கால்காரம்மா.

"சன்ரூஃப் மேடம்! நோவா பிளஸ்ல சன்ரூஃப் வருது" என்று விற்பனையாளர் ஒரு பொத்தானை அழுத்தினார். கூரையில் ஒரு ஜன்னல் திறந்தது. நூலகரின் தலைமுடி அதன் வழியாக வெளியே தெரிந்தது.

"சூப்பர்க்கா!" என்றான் தம்பி.

"அந்த ஜன்னலுக்காகக் கூரையைத் தடிப்பாப் போட்டிருக்காங்க. அதான் இடிக்குது. அது வேண்டாம். எடுத்துட்டுக் குடுங்க."

"முடியாது மேடம். அது பேக்கேஜ்."

"சரி, ஜன்னல் இல்லாத நோவாவுல பின் வைப்பர் மாட்டிக் குடுங்க."

"அந்தக் கண்ணாடியில அதுக்கு ஓட்டையே கிடையாது மேடம். வெளியில மாட்டினா வாரன்ட்டி போயிடும்."

"அதாவது, வைப்பர் வேணும்னா ஜன்னலையும் வாங்கணும். ஜன்னல் இருந்தா இவர் உக்கார முடியாது."

"சார் சீட்டைக் கொஞ்சம் சாய்ச்சுக்கிட்டா..."

"சாய்ஞ்சு படுத்துக்கிட்டு எப்படிங்க வண்டி ஓட்டறது? நான் ஒரு ஆளுக்குக் கால் செஞ்சு குடுத்துட்டு, இடிச்சா நீங்க சாய்ஞ்சு நடங்கன்னு சொன்னா என்னை விட்டுவைப்பாங்களா?"

நூலகர் இன்னும் கழுத்தைச் சாய்த்தபடியே உள்ளிருந்து சொன்னார்: "அந்தச் சீட்டு ஏறி இறங்கறது அவ்வளவு முக்கியமா? நோவாவை விடக் கீழ ஸ்டார் பிளஸ் போனா இந்த ஜன்னலும் இல்ல, விலையும் குறைவு. நம்ம பழைய வண்டியில அது இல்லாமத்தானே பதினேழு வருஷம் ஓட்டினே?"

கால்காரம்மா அவரைப் பார்த்தார்.

"ரெண்டு தலகாணி மேல உக்காந்து ஓட்டினேன்."

"என்னது?"

"ரெண்டு தலகாணி. ஒண்ணு அடியில, ஒண்ணு முதுகுக்கு. நீங்க ஓட்டப் போற அன்னிக்கு எடுத்து டிக்கியில போட்டுடுவேன். வளைவுல அடியில இருக்கிறது நழுவும். வலது இடுப்பு வலிக்குதுன்னு ரெண்டு வருஷமா மாத்திரை போடறேனே, அது வயசால இல்ல. அந்தத் தலகாணியால."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே. நாப்பத்தி மூணு வண்டியைப் பத்தி எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. டிக்கியில எத்தனை லிட்டர் தண்ணி பிடிக்கும்னு தெரியும். அந்த டிக்கியில எதுக்குத் தலகாணி கிடக்குதுன்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

தம்பி சட்டென்று டயரைப் பார்க்கப் போய்விட்டான். விற்பனையாளர், "காபி சாப்பிடறீங்களா மேடம்?" என்றார். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கால்காரம்மா பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். அழுகை வந்துவிடும்போல் இருந்தது. கார் கடையில் நின்று அழுவதா என்று இன்னும் எரிச்சலாக இருந்தது. நோயாளிகளிடம் ஒரு நாளைக்கு இருபது தடவை எங்கே வலிக்கிறது என்று கேட்கிறவர், தன் வலியை வீட்டில் சொல்லவில்லை என்பதும் அப்போது உறைத்தது. அதற்கும் சேர்த்துக் கணவர் மேல்தான் கோபம் வந்தது.

வெளியே பழுது பார்க்கும் பகுதி. எண்ணெய் வாடை, காற்றடிக்கும் சத்தம். மதில் ஓரமாக, ஒரு தார்ப்பாய் பாதி விலகி, அதே குட்டிக் கார் ஒன்று நின்றது. கண்ணைக் குத்துகிற கிளிப்பச்சை. தூசி படிந்தும் அந்தப் பச்சை அடங்கவில்லை. கால்காரம்மா மூக்கை உறிஞ்சியபடி அதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் பின் கண்ணாடியில் ஒரு வைப்பர் இருப்பது தெரிந்தது. குதிகாலை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். முழுத் தகரம். ஜன்னல் இல்லை.

"இது எந்த வண்டிங்க?" என்று கத்தினார்.

நீலச் சட்டை போட்ட ஃபோர்மேன் ஸ்பேனரோடு வந்தார். "பழைய நோவா பிளஸ்மா. போன வருஷம் வரைக்கும் அதுல சன்ரூஃப் கிடையாது. ஓட்டிப் பாக்க வரவங்களுக்குன்னு வச்சிருந்தோம். புது மாடல் வந்ததும் இதை ஓரம் கட்டிட்டாங்க."

"விக்கலியா?"

"இந்தக் கலருக்கு யாரும்மா வருவா? நல்ல வண்டி. நானே பாத்துக்கறேன், வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்."

கால்காரம்மா உள்ளே போய்க் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். நூலகர் ஏறினார். சீட்டை இறக்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைக்கும் கூரைக்கும் நடுவே கால்காரம்மா கையை விட்டுப் பார்த்தார். நாலு விரல் தாராளமாகப் போனது.

"இந்தக் கலர்ல நான் நூலகத்துக்குப் போறதா?" என்று மெல்லக் கேட்டார் நூலகர்.

மனைவி முகத்தைப் பார்த்ததும், "போகலாம், போகலாம்" என்றார்.

"அக்கா, இது வேண்டாம்க்கா. இதை நாளைக்கு விக்கவே..." என்று தொடங்கினான் தம்பி.

"வாயை மூடுடா."

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. விற்பனையாளர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேடம், அந்த வண்டி லிஸ்ட்லயே இல்ல. பழைய நோவா பிளஸ்ஸோட கோட் நம்பரை எடுத்துட்டாங்க. பில் போட முடியாது."

"வண்டி வெளியில நிக்குதே."

"நிக்குது மேடம். ஆனா சிஸ்டத்துல இல்ல."

கால்காரம்மாவுக்குத் தலை சுற்றியது. இதற்கு மேல் கத்தக்கூடத் தெம்பில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்போது நூலகர் முன்னால் வந்து, மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். அவர் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

"நான் ஒரு நூலகத்துல வேலை செய்றேன். புத்தகம் அலமாரியில இருக்கும், பட்டியல்ல இருக்காது. மாசத்துக்கு பத்து தடவை நடக்கும். அதுக்காகப் புத்தகமே இல்லன்னு சொல்ல மாட்டோம். பட்டியலைத் திருத்துவோம். உங்க பட்டியலைத் திருத்தறவர் யாரு?"

"அது தலைமை அலுவலகம் சார். நாள் ஆகும்."

"பரவாயில்ல. எனக்குப் பொறுமை உண்டு."

அதில் துளிகூடப் பொய் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து நூலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு ஷோரூமுக்குப் போய் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். கோபப்படவில்லை. மணிக்கு ஒரு தடவை, "பதில் வந்ததா?" என்று மட்டும் கேட்டார். நடுவில் ஷோரூமில் கிடந்த விளம்பரத் தாள்களை எடுத்து, வேரியன்ட் வாரியாக அடுக்கிவைத்தார். இரண்டாம் நாள் மேலாளர் வந்து பேசினார். மூன்றாம் நாள் விற்பனையாளரே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, "சார், அந்தக் கோட் நம்பரை ஒரு நாளைக்குத் திறந்து விடுங்க சார், இல்லன்னா இவர் இங்கேயே இருந்துடுவார் போல இருக்கு" என்று கெஞ்சினார். நாலாம் நாள் பில் வந்தது.

அந்த நாலு நாளும் சாயங்காலம் வீட்டில் அதிகப் பேச்சில்லை. முதல் நாள் கால்காரம்மா வந்தபோது சாப்பாட்டு மேசை துடைத்துக் காலியாக இருந்தது. இரண்டாம் நாள் நூலகர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்து, "வலது இடுப்புதானே?" என்று கேட்டார். "ஆமா" என்றார் கால்காரம்மா. இன்னும் கோபமாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தார், வரவில்லை.

வண்டி வந்ததற்கு அடுத்த வியாழக்கிழமை, பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கிளிப்பச்சைக் கார் மலைச்சரிவில் ஏறித் தையல்காரம்மா வீட்டு வாசலில் நின்றது. தையல்காரம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுக் காலை மாட்டி, பட்டையை இறுக்கி, எழுந்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தார். பிறகு சுவரை விட்டார். கால்காரம்மா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குதிகால் அரை சுற்று உள்ள போகணும்" என்றார். திருகினார். மறுபடி நடக்கச் சொன்னார். ஆறாவது தடவை தையல்காரம்மா நிற்காமல் வாசல்வரை போய், தூணருகே நின்று, வெளியே எட்டிப் பார்த்தார்.

"இது யாரு வண்டிம்மா?"

"என்னுதுதான்."

"புதுசா?"

"புதுசுதான்."

தையல்காரம்மா ஒரு நிமிடம் யோசித்தார். பதினாறு வருடம் துணிக்கு நிறம் பார்த்துத் தைத்த கண் அவருக்கு. "வேற கலரே கிடைக்கலியா?" என்றார்.

கால்காரம்மா ஸ்குரூடிரைவரைப் பெட்டிக்குள் போட்டார்.

திரும்பி வரும் வழியில் பட்டறைக்குப் போய், இன்னொருவருக்கான காலை எடுத்துக்கொண்டார். உறையில் பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. பின்னால் போட்டால் உருளும் என்று முன் சீட்டில் தன் பக்கத்தில் நிறுத்திச் சாய்த்துவைத்தார். வண்டி நகர்ந்ததும் கீங் கீங் என்று சத்தம் வந்தது. கதவைத் திறந்து மூடினார். நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தார். நிற்கவில்லை. தெருமுனைக்குள் சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு ஃபோர்மேனுக்குப் போன் போட்டார்.

"முன் சீட்ல யாராவது பெல்ட் போடாம உக்காந்திருக்காங்களாம்மா?" என்று கேட்டார் ஃபோர்மேன்.

"யாரும் இல்லிங்க. ஒரு காலை வச்சிருக்கேன்."

"அதுக்கு ஆள் வித்தியாசம் தெரியாதும்மா. எடை தெரிஞ்சா கத்தும். நோவாலேருந்து மேல எல்லா வேரியன்ட்லயும் உண்டு."

"நிறுத்த வழி இல்லியா?"

"இல்லம்மா. பேக்கேஜ்."

கால்காரம்மா ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டு, பெல்ட்டை இழுத்துக் காலுக்குக் குறுக்கே போட்டு மாட்டினார். சத்தம் நின்றது. அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்தபோது, பக்கத்தில் பைக்கில் வந்து நின்ற ஒரு ஆள் குனிந்து உள்ளே பார்த்தார். முன் சீட்டில் ஒரு கால், பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அவர் கால்காரம்மா முகத்தைப் பார்த்தார்; மறுபடி காலைப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க?" என்றார் கால்காரம்மா. "நீங்க முதல்ல ஹெல்மெட்டைப் போடுங்க."